பல்லியின் புது வால்

ஆராய்ச்சிக்கூடத்துச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. கீழே கூண்டில், முதுகுத்தண்டில் அடிபட்டுப் பின்னங்கால்கள் விளங்காமல் போன ஓர் எலி. டாக்டர் செண்பகவல்லி தினமும் அதற்கு மருந்து ஊசி போட்டு, குட்டி டிரெட்மில்லில் தூக்கிப் பிடித்து நடக்கப் பழக்குவார்.

“இன்னும் விரல்கூட அசையலையா, தம்பி?” என்றது பல்லி. “அறுந்துபோன என் வாலைப் பார். ஊசியும் கிடையாது, டாக்டரும் கிடையாது. மனசு வச்சேன், முளைச்சிடுச்சு. உனக்கு மனசு பத்தலை.”

எலி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுவரில் பல்லியின் புது வாலைக் கண்ட டாக்டருக்கு, அது எப்படி வளர்ந்தது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மறுநாள் பல்லியைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்.

“புது வாலில் ஒரு எலும்புகூட இல்லையே,” என்று உதவியாளரிடம் படத்தைக் காட்டினார். “உள்ளே வெறும் குருத்தெலும்புக் குழாய்தான்.”

விட்டதும் பல்லி ஓடிப்போய் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அன்று சாயங்காலம் எலியின் இடது கால் விரல் ஒன்று லேசாக அசைந்தது. டாக்டர் உடனே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எலி ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தது.

“வருத்தப்படாதீங்க, அண்ணே. மனசு வைங்க, எலும்பும் முளைச்சிடும்.”