நாமம் இல்லாத நெற்றி

"மாத்திரை மாதிரி முழுங்கிடுடா. மென்னாத்தானே வம்பு?" என்றான் சாந்தகுமார்.

கோவர்த்தனன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவித்த முட்டையை இரண்டாக அரிந்து மிளகுத்தூள் தூவி வைத்திருந்தார்கள்.

"மஞ்சக் கருவ மட்டும் எடுத்துடட்டுமா?"

"ஜெர்மன்காரன் வீட்லயும் இப்படித்தான் கேட்டுக்கினு நிப்பியா? வாயத் தொற."

"வாசனையே குமட்டுதுடா."

"அதுக்குத்தான் ஓட்டலுக்கு ஓட்டல் என்னை இழுத்துக்கினு அலையறியா? போன தடவை சோடா குடிச்சிட்டு ஓடி வந்துட்டே. இன்னிக்கு முழுங்காம எழுந்திரிக்க விடமாட்டேன்."

எழுபத்தெட்டாம் வருடம். திருப்பதி விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு வருடம் ஜெர்மனியில் படித்துவரக் கோவர்த்தனனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாலசமுத்திரம் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது சாதாரண விஷயமா? கல்லூரியே கைதட்டியது. அவன் அப்பா திருவேங்கடம் மட்டும் வாயே திறக்கவில்லை.

தாத்தா காலத்திலேயே தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கிக்கொண்டு கவுச்சியை விட்ட குடும்பம் அது. சனிக்கிழமை பஜனையில் தாளம் போடுவது திருவேங்கடம்தான். கோவர்த்தனன் ஆறாவது படிக்கும்போது, கிறிஸ்துமஸுக்குச் சாந்தகுமார் வீட்டில் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு வந்தான். அதில் முட்டை இருப்பது தெரிந்ததும் திருவேங்கடம் அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், தலையில் தண்ணீரைக் கொட்டி, வாயில் துளசித் தீர்த்தத்தை ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்.

அப்படிப்பட்டவரை உட்காரவைத்துப் பேராசிரியர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"அங்கே பனிக்காலத்துல நம்ம பருப்பு, காய்கறி எதையும் எதிர்பார்க்க முடியாதுங்க. முட்டையாவது சாப்பிட்டாத்தான் பையன் தாங்குவான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தவர்தான். மாதம் ஒன்று ஓடிவிட்டது. திங்கட்கிழமைக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது பேச்செடுத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிறார்.

"உங்க நைனா ஒத்துக்குவார்னு நினைக்கிறே?" சாந்தகுமார் கேட்டான்.

"எங்க ஒத்துக்கப் போறாரு! தப்பித் தவறி சரின்னுட்டா, அங்க போய் நான் பட்டினி கெடக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான்."

கண்ணை மூடிக்கொண்டு அரை முட்டையை வாயில் போட்டான். தொண்டையில் நின்று, யோசித்து, ஒருவழியாக இறங்கியது.

"சபாஷ்! ஜெர்மனிக்கு அரை டிக்கெட் எடுத்தாச்சு" என்றான் சாந்தகுமார்.

கோவர்த்தனன் கண்ணைத் திறந்தான். சிரிக்கத்தான் போனான். பார்வை கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் போய் நின்றுவிட்டது.

சுவரோரமாக ஒருவர் குனிந்து தின்றுகொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். யார் என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நெற்றியை நாமம் இல்லாமல் அவன் பார்த்ததே கிடையாது. அழுத்தித் தேய்த்துக் கழுவியதில் தோல் சிவந்திருந்தது. துளசிமணி சட்டைக்குள் போயிருந்தது. எதிரே தட்டில் ஆம்லெட்.

"டேய்... எங்க நைனாடா."

சாந்தகுமார் திரும்பிப் பார்த்தான்.

"வயல் மோட்டாருக்குக் காயில் கட்டணும்னு அடிக்கடி திருப்பதிக்கு வந்துக்கினு இருந்தாரு. இதுக்குத்தானா?" கோவர்த்தனனின் காது மடல் சூடேறியது. "ஒரு துண்டு கேக்குக்கு என்னைக் கெணத்தடியில நிக்க வெச்சாரே, மறந்துட்டியா? ஊருக்கெல்லாம் பஜனை, இங்க ஆம்லெட்!"

"மெல்லப் பேசுடா. நீயுந்தான துன்னுக்கினு இருக்கே?"

"நான் வேற வழியில்லாம துன்றேன். அவரு ருசிக்குத் துன்றாரு!"

"சரி விடு, எழுந்து போயிடலாம்."

"போறதா? அவரு முன்னாடியே போய் நிக்கிறேன். இனிமே நான் ஜெர்மனிக்குப் போகக் கூடாதுன்னு எந்த வாயால சொல்றார்னு பார்க்கலாம்."

சாந்தகுமார் பிடித்த கையை உதறிவிட்டு நடந்தான். பாதி தூரம் போவதற்குள் ஓட்டல்காரர் கிருஷ்ணப்பா தண்ணீர்ச் செம்போடு குறுக்கே வந்து, திருவேங்கடத்தின் மேசை முன்னால் நின்றுகொண்டார். கோவர்த்தனன் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"ஏமி சாமி, இன்னிக்கும் ஆம்லெட்டா?" என்றார் கிருஷ்ணப்பா. "வர்றப்பல்லாம் துன்றீங்க, பின்பக்கம் ஓடிப்போய் அப்படியே வாந்தி எடுக்கறீங்க. ஒடம்புக்கு ஒத்துக்கலேன்னா விட்டுடுங்களேன். இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?"

திருவேங்கடம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாய் பிய்த்தார்.

"எம்பையன் ஒடம்பும் என் ஒடம்பும் ஒண்ணுதான கிருஷ்ணப்பா. எனக்கு வயித்துல நின்னுச்சின்னா அவனுக்கும் நிக்கும். அது தெரியாம, அவ்ளோ தூரம் போய்ட்டு வாடான்னு புள்ளைக்கு எப்படிச் சொல்றது?"