பன்னிரண்டு நிமிஷம் மைக் இல்லை

"மைக்கை வேணும்னேதான் நிறுத்தியிருக்கான்," என்றார் மண்டபச் செயலாளர்.

"சந்தேகமே இல்லை," என்றார் பேராசிரியை.

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

மைக்செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

விவகாரம் போன வாரமே தொடங்கிவிட்டது. அந்தப் பிரார்த்தனை மண்டபத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் குரு, பெரியவர். அவர் ஒரு பேட்டியில், ஆணை விரும்புகிற ஆணும் பெண்ணை விரும்புகிற பெண்ணும் நோயாளிகள், பெற்ற பிள்ளையே ஆனாலும் வீட்டில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். கல்யாணமே செய்துகொள்ளாதவர், குடித்தனம் எப்படி நடத்துவது என்று நாற்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தில் விரிவாகப் பேசுவதாகவும் அறிவித்திருந்தார்.

பக்தர்களிலேயே இருபது பேருக்கு இது பொறுக்கவில்லை. பேராசிரியை வீட்டு ஹாலில் கூடினார்கள்.

"கடவுளை நாம விடலை. இவர் பேச்சைத்தான் விடறோம்," என்றார் பேராசிரியை. "அவர் 'நோய்'னு சொன்ன உடனே எல்லாரும் எந்திரிச்சு வெளியே நடக்கணும். நாற்காலி சத்தம் கேக்கணும். ஆனா யாரும் தடுக்கி விழக்கூடாது."

மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். மூன்று தடவையும் அவர்களில் ஒருவரான பல் டாக்டர் தடுக்கினார்.

ஞாயிறு காலை. மண்டபம் நிரம்பியிருந்தது. பெரியவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, "அன்பான பக்தகோடிகளே" என்றார். அதோடு மைக் போய்விட்டது.

கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். வாய் மட்டும் அசைந்தது. கடைசி வரிசைக்காரர்கள் ஏதோ மந்திரம் முணுமுணுக்கிறார் என்று நினைத்துத் தாங்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிப்போனார்கள்.

செயலாளர் ஓரமாக ஓடி வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"பார்த்துட்டுத்தான் இருக்கேங்க," என்றது மேஜைக்கு அடியிலிருந்து மைக்செட்காரரின் குரல்.

போராட்டக்காரர்கள் பாடு அதைவிட மோசம்.

"எப்ப எந்திரிக்கிறது?" என்று கிசுகிசுத்தார் ஒருவர்.

"நான் சொல்றேன்," என்றார் பல் டாக்டர். "முப்பது வருஷமா ஊரார் வாயைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

கூர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்தார். அவரோடு ஏழு பேர் எழுந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அம்மாள் திரும்பி, "'தாய்'னு சொன்னாருங்க. தாய்மையோட பெருமையைப் பேசறாரு. உட்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பெரியவர் கண்ணைத் திறந்து கை கூப்பினார். அந்த நேரம் பார்த்து மைக் உயிர் பெற்று, "...எல்லாரும் நலமாக இருங்கள்" என்பதை மட்டும் மண்டபம் அதிரச் சொன்னது. கூட்டம் கும்பிட்டுவிட்டுக் கலைந்தது.

அப்புறம்தான் செயலாளரும் பேராசிரியையும் மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உண்மையைச் சொல்லு. இந்த அம்மா ஆளுங்கதானே உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் செயலாளர்.

"எங்களுக்கு எதுக்குங்க அது?" பேராசிரியை சீறினார். "அவர் பேசினாத்தானே நாங்க எதிர்க்க முடியும்? ஒரு வாரமா உழைச்சு ஒரு கூட்டத்தைச் சேர்த்தோம். எங்க எதிர்ப்பையே ஊமையாக்கிட்டாரு இந்த ஆளு."

"ஊமையானது பெரியவர்தானேம்மா," என்றார் மைக்செட்காரர்.

"அடுத்த வாரத்துல இருந்து நீ வர வேண்டாம்," என்றார் செயலாளர். "வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா ஒரு பக்கமா நில்லுங்க. நடுவுல நின்னு பொழைக்காதீங்க," என்றார் பேராசிரியை.

இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

பதினாறு வருஷம் பார்த்த வேலை. மைக்செட்காரர் ஒலிபெருக்கியை இறக்கிவைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி வந்தாள். கூடவே இரண்டு இளைஞர்கள். ஒருவன் அவர் மகன். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே பெரியவர் பேச்சைக் கேட்டு அவரே வீட்டை விட்டு அனுப்பிய மகன். அம்மா கெஞ்சிக் கூப்பிட்டதற்காக அன்று காலை ரயிலில் வந்திறங்கியிருந்தான், தன்னோடு வாழ்கிறவனையும் அழைத்துக்கொண்டு.

"எங்கே உட்கார்ந்தீங்க? தேடினேன்," என்றார்.

"மூணாவது வரிசையிலதான் உட்கார்ந்தோம்ப்பா. ஒரு மேடம் வந்து, இது எங்க போராட்டத்துக்குப் பிடிச்சு வெச்ச இடம், பின்னாடி போங்கன்னுட்டாங்க."

கூட வந்தவன் கேட்காமலே ஒலிபெருக்கியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். மறுபக்கத்தை மகன் பிடித்தான்.

"பெரியவர் என்னப்பா பேசினாரு? கடைசியில சொன்னதைத் தவிர ஒண்ணும் காதுல விழலை."

மைக்செட்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளைங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போடுங்கன்னாரு," என்றார். "ரெண்டு பேரும் வாங்க."