குறையாத கிண்ணம்

போரில் வென்று திரும்பிய மன்னன் ஹெர்வால்ட் தன் கூடத்தில் அமர்ந்திருக்கிறான். புகைபோகும் கூரைத்துளை வழியே சாரல் அடுப்பில் விழுந்து சீறுகிறது. வீரர்களுக்குப் பரிசளிக்கச் செய்த பொன்காப்புகள் அவன் மடியிலேயே கிடக்கின்றன. அரசி வின்ஃப்ளெட் தேன்மதுக் கிண்ணத்தை முதலில் அவனிடம் நீட்டுகிறாள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தருகிறான். முறைப்படி இடப்பக்க இருக்கைக்குப் போய்க் குனிந்து நிற்கிறாள்.

"அங்க யாரும் இல்ல, வின்ஃப்ளெட்."

"உங்களுக்கு அடுத்து ஹுன்லாஃப்தானே குடிக்கணும்."

"அவன் சிதைக்குத் தீ வச்சதே நான்தான்."

"சரி. அவருக்கு அடுத்தது யாரு?"

மன்னன் ஒரு பெயரைச் சொல்கிறான். அவள் அடுத்த வெற்று இருக்கைக்கு நகர்ந்து, குனிந்து, காத்திருக்கிறாள். இன்னொரு பெயர். அதன்பின் இன்னொன்று. கூடத்தைச் சுற்றி முடித்த கிண்ணம் துளி குறையாமல் அவனிடமே திரும்பி வருகிறது.