தண்ணீரில் ஒரு சிவப்பு

"இந்தப் படத்துல ஏதோ கோல்மால் நடந்திருக்கு" என்றார் லாக்லன்.

புகைப்படச் சங்கத்து ஆட்கள் மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள். ஓர் ஏரி, பின்னால் பாதி மேகத்துக்குள் போய்விட்ட மலை, கரையில் சின்னதாய் ஒரு வெள்ளை வீடு. முரியல் எடுத்தது. அடுத்த வருஷக் காலண்டருக்கு அட்டைப்படம் இதுதான் என்று போன கூட்டத்திலேயே எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள்.

லாக்லன் பூதக்கண்ணாடியை ஏரியின் மேல் வைத்தார்.

"தண்ணில சிவப்பா ஒண்ணு தெரியுதா? ஆள் நிக்கிற நிழல் மாதிரி. இப்போ கரையைப் பாருங்க. யாருமே இல்ல. ஆள் இல்லாம நிழல் எங்கேர்ந்து விழுந்துச்சு?"

ரொட்டிக்கடை டூகல் சிரித்தார். "இதைத் தூக்கிட்டா அட்டைக்கு யார் படம் வரும் லாக்லன்?"

இரண்டாவது இடத்தில் இருந்தது லாக்லனின் படம். பதினாலு வருஷமாக அவர்தான் சங்கச் செயலாளர். ஒரு தடவைகூட அவர் படம் அட்டைக்கு வந்ததில்லை.

"யார் படமோ வரட்டும். எடுத்த படத்துலேர்ந்து எதையும் அழிக்கக் கூடாது. சட்டம்னா சட்டம். போன வருஷம் ஒரே ஒரு கரண்ட் கம்பியை அழிச்சதுக்கு எங்க அக்கா படத்தையே நான் தூக்கிப் போடலையா?"

அது உண்மை. அந்த அக்கா இன்னும் அவரோடு பேசுவதில்லை.

மேஜைக் கோடியில் முரியல் தபால் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். மலைப்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தபால் வண்டி ஓட்டுகிறவள். போகிற வழியில் வெளிச்சம் வாய்த்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பாள்.

"முரியல், ஒரிஜினல் எங்க?"

"இல்லீங்க. அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சு போச்சா, அழிச்சியா?"

"அழிச்சேன்."

"ஏன்?"

அவள் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள். "என் படத்தை எடுத்துருங்க. எனக்கு வருத்தமில்ல."

"அப்படி விட முடியாது. காரணம் தெரியணும். வியாழக்கிழமை நானே போறேன். அங்க என்ன இருக்கோ, அதைப் படம் எடுத்து இதே மேஜையில வைக்கிறேன்."

"வேண்டாம் லாக்லன். அவ்வளவு தூரம், ரோடும் சரியில்ல..."

"எனக்கு வழி தெரியும்."

டூகல் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். "அட்டைப்பட ஆசை யாரை விட்டுது."

அது லாக்லனின் காதிலும் விழுந்தது.

வியாழக்கிழமை ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. கால் மணி கழித்து ஆலங்கட்டி. அப்புறம் மலையே காணோம். லாக்லன் காருக்குள் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துத் தீர்த்தார். மதியத்துக்கு மேல் திடீரென்று மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. ஏரி கண்ணாடியாய் நின்றது. கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவர் லென்ஸைத் திருகிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வீட்டின் கதவு திறந்தது. சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், கொடியில் துணி போட வெளியே வந்தாள். தண்ணீரில் அவள் நிழல் சிவப்பாய் விழுந்தது.

லாக்லன் பட்டனை அழுத்தினார். மாட்டிக்கொண்டாள் முரியல்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். துணிக்கூடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்குள் ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. போய்க் கதவைத் தட்டினார். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது.

"யார் அனுப்பினா உங்களை?"

"யாரும் அனுப்பலைம்மா. நான் கீழ ஊரு. போட்டோ சங்கம்."

"படத்துல நான் விழுந்துட்டேனா?"

"ஆமா."

"அழிச்சிருங்க. அன்னிக்குத் தபால்காரம்மாவும் தெரியாமத்தான் எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னதும் அழிச்சுடறேன்னாங்க. என் வீட்டுக்காரர் கண்ணுல ஒரு படம் பட்டாப் போதும். அந்த மலையை அடையாளம் வச்சே வந்துருவார். இது மூணாவது ஊர் எனக்கு. போன ஊர்ல அவர் வந்தப்போ ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

லாக்லன் கேமராவைக் கதவிடுக்கு அருகில் கொண்டுபோனார். அவள் பார்க்கவே அந்தப் படத்தை அழித்தார். திரை காலியானதும் அவள் தலையை ஆட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

கொட்டிக் கிடந்த துணிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லை.

"என்ன லாக்லன், கையும் களவுமாப் பிடிச்சியா?" என்றார் டூகல்.

"படத்துல என்ன இருக்கோ அதுதான் அங்கயும் இருக்கு. ஏரி, மலை, வீடு. சிவப்பாத் தெரிஞ்சது மீன்காரங்க போட்ட மிதவை. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

"அப்போ உன் படம்?"

"மார்ச் மாசத்துல போடு. மார்ச்சும் நல்ல மாசம்தான்."

முரியல் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்து அவள் தபால் வண்டியைக் கிளப்பும்போது, தூறலில் நனைந்தபடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"நாளைக்கு அச்சுக்குப் போகுது" என்றார் லாக்லன். "அதுக்குள்ள தண்ணில இருக்கிற நிழலையும் சுத்தமா அழிச்சிடு."