தப்பாகத் தொட்ட படங்கள்

மறுபடியும் தப்பு.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு படங்கள். ஒரு குடை, ஒரு கூடை. சற்றுமுன் அவருக்குக் காட்டியிருந்தது குடை; அதைத்தான் அவர் தொட வேண்டும்.

அவர் இரண்டையும் பார்த்தார். கண் குடையின் மேல் ஒரு கணம் நின்றது.

விரல் கூடையைத் தொட்டது.

"சரி சார். அடுத்தது."

ஏகாம்பரம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஊரில் பள்ளிக்கூட வேன். ஒருநாள் காலை, பிள்ளைகளோடு வேனை எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு போய் ஏதோ ஓர் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டார். தேடிக்கொண்டு வந்தவர்களிடம் வழி மறந்துபோச்சு என்றார்.

அதன்பின் வீட்டிலும் ஒவ்வொன்றாக மறந்தது.

மனைவி கன்னியம்மாள்தான் முன்னாள் படைவீரர்களுக்கான இந்த மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிவந்தாள்.

சோதனை செய்யும் ரெபேக்காவுக்கு உளவியல் முனைவர் படிப்பில் இது பயிற்சி வருடம். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவள் தனியாகப் பார்க்கும் முதல் ஆள் இவர்.

கடைசிப் பக்கம் முடிந்தது. அநேகமாக எல்லாமே தப்பு.

கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டாலும் ஏறக்குறையப் பாதி சரியாக வரும் சோதனை அது.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு மேற்பார்வை டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் தாளை ஒருமுறை பார்த்தார். தெரிந்தேதான் தப்பாகத் தொடுகிறார் என்றார். சிலர் சலுகைக்காகச் செய்வார்கள், சிலர் வேறு எதற்காகவோ. எதற்கென்று நீயே கேட்டுவிட்டு வா.

திரும்பி நடந்தாள். பொய் சொல்கிறீர்கள் என்றால் எழுந்து போய்விடுவார். பிறகு இந்தப் பக்கமே வரமாட்டார். சொல்லாமல் விட்டால்?

வராந்தாவில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்னும் எத்தனை நாளைக்கு அவருக்கு என் முகம் தெரியும்?

ரெபேக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"சார், இதுல எல்லாத்தையும் தப்பாத் தொடணும்னா, எல்லாம் ஞாபகத்துல இருக்கணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

உள்ளங்கையைப் பார்த்தார். எழுந்து போகவில்லை.

"மறந்துட்டேன்னா பாவம்னு சொல்லுவாங்க மேடம். பயந்துட்டேன்னா என்ன சொல்லுவாங்க?"

பிறகு அவர் விட்டு விட்டுச் சொன்னார்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் புதிதாகக் கல்குவாரி வந்திருந்தது. அன்று காலை வேன் அதை நெருங்கும்போது வெடி வைத்தார்கள். பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர் கண்ணுக்குக் குவாரி தெரியவில்லை. பனி மூடிய மலைப்பாதை. முன்னால் போய்க்கொண்டிருந்த ராணுவ வண்டி.

பிறகு அந்த வண்டி இல்லை.

கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. ஏரிக்கரையில் நின்றபோதும் வழி நன்றாகத் தெரிந்தது. அந்த வழியில் போகத்தான் முடியவில்லை. மறந்துபோச்சு என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று தினமும் எதையாவது மறக்க வேண்டியதாயிற்று.

ரெபேக்கா மெல்ல மூச்சு விட்டாள். இதற்கு வைத்தியம் இருக்கிறது என்றாள். உடனே சரியாகாது, ஆனால் குறையும். வாரா வாரம் வாங்க, நான் இங்கேதான் இருப்பேன்.

கோழை என்று எழுதுவீர்களா என்று கேட்டார்.

அப்படி ஒரு நோய் எங்கள் புத்தகத்தில் இல்லை என்றாள்.

அதற்குத்தான் அவர் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, வெளியில் இருக்கிறவளிடம் நானே சொல்கிறேன் என்றார்.

கன்னியம்மாள் உள்ளே வந்தாள். உட்காரவில்லை. எதற்கும் தயாரானவள்போல் சுவரை ஒட்டி நின்றாள்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். குவாரியை, வெடியை, மலைப்பாதையை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லாத அந்த வண்டியை. மறதி என்று ஒன்றுமே இல்லை என்பதை.

பயந்துவிட்டேன் என்ற சொல்லைக் கடைசியில் வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கன்னியம்மாள் ரெபேக்காவைப் பார்த்தாள். ரெபேக்கா தலையசைத்தாள்.

"பயம்தானா?"

அவர் நிமிர்ந்தார்.

"வெறும் பயம்தானா?" என்றாள் மறுபடியும். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவர் நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

ரெபேக்கா சத்தமில்லாமல் வெளியே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

உள்ளே கன்னியம்மாள் திட்ட ஆரம்பித்திருந்தாள். நோயாளி ஆயிற்றே என்று இத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம். அடுப்பில் பாலைப் பொங்க விட்டது. அவள் அண்ணன் மகளின் கல்யாணத்துக்குப் போகாதது. ஒருநாள் அவளையே யார் என்று கேட்டது.

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள், கிழமையோடு.