வழி கேட்டவர்

அவிநாசிக்கு வடக்கே, வேப்பமரங்களுக்குள் வளைந்து போகும் சிற்பப் பாதையில் வெயில் சில்லுச் சில்லாய்க் கிடக்கிறது. முகம் செதுக்காத ஒரு கல் பெண்ணின் முன்னால் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கரளிப் பூவை அவள் மடியில் வைத்துக் கண்மூடிக் கும்பிடுகிறார். பனியன் கம்பெனி வேனில் சுற்றுலா வந்தவர். "சும்மா அழகுக்கு வெச்ச சிலையப் போய்க் கும்பிடறாரு பாருடி! அடுத்து மொட்டையே போட்டுக்குவாரு," என்று வர்ஷினி கிசுகிசுக்க, கல்லூரித் தோழிகள் குலுங்குகிறார்கள். யாழினியும் சேர்ந்து சிரிக்கிறாள். அவர் அவளுடைய அப்பா. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் சட்டென்று தலைகுனிந்து செல்போனைத் தடவுகிறாள். சருகுகள் நொறுங்க, அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்புள்ள கைகளைத் துண்டில் துடைத்தபடி அவர் நேரே வருகிறார். தோழிகள் முன்னால் உரிமையோடு கூப்பிட்டுவிடுவாரோ என்று அவள் பயப்படுகிறாள். அவரோ சற்றுத் தள்ளியே நின்றுகொள்கிறார். "ஏனுங்க அம்முணி, வேன் நிக்கற பக்கம் எப்படிப் போகோணுங்க?" வீட்டில் 'சாமி' என்றல்லாமல் வேறெப்படியும் அவளை அவர் அழைத்ததில்லை. வேன் மரங்களுக்கிடையே மஞ்சளாய்த் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. யாழினி கையை நீட்டிக் காட்டுகிறாள். "சரிங்க," என்று அவர் நடக்கிறார். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.