எட்டரை மணி பஸ்

அக்கா பதினோராவது தடவையாகப் பள்ளத்தில் விழுந்தாள்.

“நான் அமுக்கினேன்டா!” என்று லேப்டாப் இருந்த மேசையைத் தட்டினாள். வேலை விட்டு வந்தவள், தோள்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“அமுக்கினே. ஆனா பாறை விளிம்பைத் தாண்டினப்புறம் அமுக்கினே,” என்றான் தம்பி, அலட்டிக்கொள்ளாமல்.

“ஒரு முடி அளவு தாண்டியிருப்பேன். அதுக்குப் போய் சாகடிப்பியா?”

“ஒரு முடின்னாலும் தாண்டினது தாண்டினதுதான்.”

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவனுக்கு இன்டர்வியூ. பெரிய கேம் கம்பெனி. ஆபீஸ் போக மிச்ச நேரத்தையெல்லாம் ஒரு வருஷமாகக் கொட்டிச் செய்த இந்த ஒரே விளையாட்டைத்தான் அங்கே காட்டப்போகிறான். தேறினால் ஆபீஸில் ஃபாரம் நிரப்பும் வேலைக்கு ஒரு கும்பிடு. தேறாவிட்டால் ஆயுசுக்கும் ஃபாரம்தான்.

விளையாட்டைப் பற்றி அவனுக்குப் பெரிய பெரிய கொள்கைகள் உண்டு. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தான். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘விளையாட்டு முகம் பார்க்கக் கூடாது’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தான்.

“மத்த கேம்ல நான் இப்படி விழறதில்லையே?” என்றாள் அக்கா.

“அவங்க ஏமாத்தறாங்க. கால் விளிம்பைத் தாண்டிக் காத்துல இருக்கும். ஆனாலும் கண் சிமிட்டற நேரத்துக்கு, தரையிலேயே இருக்கிற மாதிரி கணக்கு வெச்சுக்கிட்டு குதிக்க விட்டுடுவாங்க. நீ என்னமோ உன் திறமைன்னு நினைச்சுப்பே.”

“நல்ல மனுஷங்களா இருக்காங்களே!”

“டிசைன்ல என்ன நல்ல மனுஷன், கெட்ட மனுஷன்? விதின்னா விதி. நம்ம எட்டரை பஸ் டிரைவரையே எடுத்துக்கோ. போன வாரம் அஞ்சு நாளும் எட்டு முப்பத்திரெண்டுக்குத்தான் வண்டியை எடுத்தார். குறிச்சு வெச்சு, டெப்போவுக்கு மெயில் போட்டுட்டேன்.”

“அடப்பாவி! ரெண்டு நிமிஷத்துக்கா?”

“நான் ஒழுங்கா இருக்கேன்ல? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது பஸ்ஸை விட்டிருக்கேனா? நான் ஏறவும் வண்டி நகரவும் சரியா இருக்கும். அதுக்குப் பேர்தான் டைமிங்.”

அக்கா பன்னிரண்டாவது தடவை விழுந்தாள். லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு, “உன் டைமிங்கை நீயே வெச்சுக்கோ,” என்று எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. தேய்த்த சட்டை, தோளில் லேப்டாப் பை. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். இருந்தாலும் வழக்கமான நேரத்துக்கே கிளம்பினான். டைமிங் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தெருமுனை திரும்பியதும் வழக்கமான ஓட்டம். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினான், வண்டி நகர்ந்தது. மணி பார்த்தான். எட்டு முப்பத்திரண்டு.

‘மெயில் போட்டும் இந்த ஆள் திருந்தவில்லையே’ என்று முனகிக்கொண்டே டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

முதல் சிக்னலில் வண்டி நின்றதும், டிரைவர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்.

“தம்பி, இனிமே கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து எட்டரைக்கு டாண்ணு எடுத்துடுவேன்.”

“ஏண்ணே?”

“யாரோ புகார் எழுதிட்டாங்க. நேத்து சாயங்காலம் கூப்பிட்டு மெமோ குடுத்துட்டாங்க. தினமும் இந்தக் கண்ணாடியில உங்க தலை தெரியற வரைக்கும் நிறுத்தி வெச்சிருப்பேன். தெரிஞ்ச பிள்ளை ஓடி வரும்னு தெரிஞ்சே எப்படி எடுத்துட்டுப் போறது?”

தம்பி சீட்டின் நுனிக்கு நகர்ந்தான். “அப்போ... இன்னைக்கு?”

“நேத்து பஸ்ஸுல போன்ல சொல்லிக்கிட்டு வந்தீங்களே, நாளைக்கு இன்டர்வியூன்னு. காதுல விழுந்துச்சு. சரி, இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்னு நிறுத்தினேன். இன்னொரு மெமோ வந்தா வாங்கிக்க வேண்டியதுதான்.” சிரித்தார். “புகார் குடுத்தவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு என்ன அவசரமோ, பாவம்.”

அந்தப் ‘பாவம்’ சுருக்கென்று தைத்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பச்சை விழுந்து வண்டி கிளம்பிவிட்டது.

போனை எடுத்தான். ‘தாமதம் டிரைவருடையது இல்லை, என்னுடையது. போன புகாரை எழுதியவனும் நான்தான். அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறவும்’ என்று டெப்போவுக்கு எழுதி, தன் பேரும் நம்பரும் போட்டு அனுப்பினான்.

பிறகு மடியில் லேப்டாப்பைத் திறந்தான். அக்கா விழுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே சலுகை நேரம் பூஜ்யம் என்று இருந்த ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றினான்.

கம்பெனியில் தலைமை டிசைனராக இருந்த ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளையாட உட்கார்ந்தார். பாறை விளிம்பு வந்தது. தாண்டினார். திரும்பிப் போய் இன்னொரு தடவை தாண்டினார்.

“ரெண்டாவது தடவை வேணும்னேதான் லேட்டா அமுக்கினேன்,” என்று நிமிர்ந்தார். “இருந்தாலும் குதிக்க விட்டுடுச்சே! புதுசா வர்றவங்க இதை யோசிக்கிறதே இல்லை. விதியை மட்டும் கட்டிக்கிட்டு அழுவாங்க. நீங்க இதை எங்கே கத்துக்கிட்டீங்க?”

“எட்டரை மணி பஸ்ஸுல, மேடம்,” என்றான் தம்பி. “இன்னைக்குக் காலையிலதான்.”